எரிமலை கக்கிய கல்லின் மேல் ஒரு நாள்

எரிமலைத் தீவு என்றதும் நமக்கு ஜப்பான், இந்தோனேஷியா என்று வெளிதேசம்தான் ஞாபகம் வரும். நம் தேசத்திலும் ஒன்று இருக்கிறது, சகோதரிகளே! அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவு. 1787-ல் அது பொங்கியதைக் கப்பலில் போனவர்கள் பார்த்துக் குறித்து வைத்தார்கள். பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் தூங்கிவிட்டு, 1991-ல் மறுபடி கண் விழித்தது. ஆனால் அங்கே யாரும் கால் வைக்க அனுமதி கிடையாது. தூரத்தில் கப்பலில் நின்று பார்ப்பதோடு சரி.

நான் சொல்லப் போவது கால் வைத்து நடக்கக் கூடிய ஒரு தீவைப் பற்றி. சூளகிரியில் சாயங்காலம் பஸ் ஏறினால், மறுநாள் காலை காபி நேரத்துக்கு அதன் எதிர்க்கரையில் இருக்கலாம். உடுப்பிக்குப் பக்கத்தில் மல்பெ என்று பெரிய மீன்பிடித் துறைமுகம். அதற்கு எதிரே, கடலுக்குள் சுமார் 6 கிலோமீட்டரில் செயின்ட் மேரிஸ் தீவுகள். நாலைந்து தீவுகள் இருந்தாலும், எல்லோரும் போவது தென்னை மரங்கள் நிற்கும் தீவுக்குத்தான். அங்கே புகை இல்லை, நெருப்பு இல்லை, ஏறி எட்டிப் பார்க்க மலைவாய் இல்லை. அந்த அடுப்பு அணைந்து ஏறக்குறைய 8 கோடியே 80 லட்சம் வருஷம் ஆகிறது. அன்றைக்குப் பொங்கி வழிந்த குழம்புதான் கல்லாக உறைந்து நிற்கிறது.

போனது மூன்று பேர். எழுபத்திரண்டு வயது மாமியார், நான், பிளஸ் டூ பரீட்சை முடித்த என் மகள்.

'மூணும் பொம்பளைங்களாவா?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. என் வீட்டுக்காரரும் அதையேதான் கேட்டார். அவருக்குக் கொத்தமல்லி, புதினா வியாபாரம். எங்கள் ஊர்ப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், விடியற்காலை மண்டிக்குப் போகாவிட்டால் அன்றைய பொழப்பு போச்சு. அவரால் வர முடியாது. மகளோ பரீட்சை முடிந்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "புதுத் துணி வேணாம், சினிமா வேணாம், அந்தத் தீவுக்கு மட்டும் கூட்டிட்டுப் போம்மா."

ஏன் அந்தத் தீவு என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். அவளுக்கு நிலவியல் படிக்க வேண்டுமாம். "பூகோளமா?" என்றார் அப்பா. "பூகோளம் இல்லப்பா. கல்லு, மண்ணு, நிலத்தடித் தண்ணி இதெல்லாம் பத்தின படிப்பு. சேலம் அரசு கலைக் கல்லூரியில இருக்கு." "கல்லைப் படிச்சு என்னத்தப் பண்றது? நம்ம ஊர்ல இல்லாத கல்லா?" என்று முடித்துவிட்டார். ஓசூர்ப் பக்கத்துக் கம்பெனிகளில் பிளஸ் டூ முடித்த பெண்களை எடுக்கிறார்கள். ஊருக்கே பஸ் வருகிறது, ஹாஸ்டல் உண்டு, முதல் மாதத்திலிருந்தே கையில் சம்பளம். எங்கள் தெருவிலேயே நான்கு பெண்கள் போகிறார்கள். சின்னவன் ஒன்பதாவது படிக்கிறான், வீட்டுக் கடன் பாதி நிற்கிறது. அவர் கணக்கைத் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. மகள் முகத்தைப் பார்த்தால் அதைச் சரி என்றும் சொல்ல வாய் வரவில்லை.

இந்த இழுபறியில் என் மாமியார்தான் புகுந்தார். "நான் பொறந்து இத்தனை வருசத்துல கடலைப் பார்த்ததில்ல. நானும் வரேன், போலாம் வா" என்றார். பெற்ற தாய் கேட்டதை மறுக்க அவருக்கு மனசு வரவில்லை. டிக்கெட் போட்டாயிற்று.

பெங்களூரு மெஜஸ்டிக்கில் ராத்திரி பஸ். பெண்களுக்குக் கர்நாடக பஸ்ஸில் இலவசம் என்று கேட்டிருப்பீர்கள். 2023 ஜூனில் ஆரம்பித்த அந்தத் திட்டம் அந்த மாநிலத்துப் பெண்களுக்கு மட்டும்தான், அதுவும் சாதாரண பஸ்களில். எல்லைக்கு இந்தப் பக்கம் பிறந்தோம், காசு கொடுத்தோம். சக்லேஷ்பூர் தாண்டி மலைச் சாலை இறங்கும்போது வளைவுக்கு மேல் வளைவு. குமட்டல் வருகிறவர்கள் வயிற்றைக் காலியாகவும் விடாதீர்கள், முட்டவும் சாப்பிடாதீர்கள். இரண்டு இட்லி போதும். பஸ்ஸின் முன்பக்கமாக ஸீட் கேளுங்கள். ஒரு துண்டு இஞ்சியை உப்பில் தொட்டு வாயில் அடக்கிக்கொண்டால் நல்லது. மாமியார் அப்படித்தான் வந்தார், ஒரு சங்கடமும் இல்லை.

விடிகாலையில் உடுப்பி. ஒரு விடுதியில் குளித்து முடித்து, ஒன்பது துளை போட்ட அந்த ஜன்னல் வழியாகக் கிருஷ்ணனைத் தரிசித்து, நீர் தோசை சாப்பிட்டுவிட்டு மல்பெக்கு டவுன் பஸ் பிடித்தோம். நீர் தோசைக்கு மாவு புளிக்க வேண்டியதே இல்லை, தெரியுமா? ஊறவைத்த பச்சரிசியைத் தேங்காயோடு நைஸாக அரைத்து, மோர் மாதிரி நீர்க்கக் கரைத்து, உப்புப் போட்டு உடனே வார்க்க வேண்டியதுதான். திருப்பிப் போடாமல் மடித்து எடுக்கிறார்கள். மாவு தீர்ந்துபோன காலை வேளைகளுக்கு எனக்கு ஒரு வழி கிடைத்தது.

படகில் ஏறும் முன் ஒரு விஷயம். வெளியூர் போனால் பாத்ரூமுக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பது நம் பெண்களின் பெரிய கெட்ட பழக்கம். வெயிலில் வியர்த்து, தண்ணீரும் குடிக்காமல், வருவதையும் அடக்கிக்கொண்டு இருந்தால் நீர்க்கடுப்பும் மூத்திரத் தொற்றும் வந்து சேரும். கரையிலேயே போய்விட்டு வாருங்கள், பிறகு தாராளமாகத் தண்ணீர் குடியுங்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டராவது எடுத்துப் போக வேண்டும். நாங்கள் ஒரு பாட்டிலில் எலுமிச்சம்பழச் சாறு, உப்பு, சர்க்கரை கலந்து வைத்திருந்தோம். மத்தியானம் அதுதான் காப்பாற்றியது.

படகில் எல்லோருக்கும் மிதவைச் சட்டை மாட்டிவிடுகிறார்கள். சேலைக்கு மேல் அதை மாட்டிக்கொண்டு மாமியார் உட்கார்ந்த கோலத்தைப் பார்த்து மகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவரோ கடலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எங்கள் பக்கம் பாதி வீடுகளில் தெலுங்கும் தமிழும் கலந்த பேச்சு, பாட்டியை அவ்வா என்றுதான் கூப்பிடுவோம். "அவ்வா, கடல் எப்படி இருக்கு?" என்றாள் மகள். "கரை எங்க?" என்றார் அவர். ஏரியையும் அணையையும் மட்டுமே பார்த்தவருக்கு எதிர்க்கரை இல்லாத தண்ணீர் மனசிலேயே பிடிபடவில்லை.

அரைமணி நேரத்தில் தீவு. பெரிய படகு கரைவரை வராது, சின்னப் படகுக்கு மாறி, முழங்கால் தண்ணீரில் இறங்க வேண்டும். வயதானவர்களோடு போகிறவர்கள் இதை மனசில் வையுங்கள். படகு ஆடி அடங்கும்வரை காத்திருந்து, இரண்டு பேர் இரண்டு கையைப் பிடித்துத்தான் இறக்க வேண்டும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொள்ள வெட்கப்பட்டால் நடக்காது.

தீவு என்றால் ஏதோ பெரிசாக நினைக்காதீர்கள். அரைக் கிலோமீட்டர் நீளம், நூறு மீட்டர் அகலம், அவ்வளவுதான். ஆள் குடியிருப்பு கிடையாது. தென்னை மரங்கள், ஒரு பக்கம் மணலுக்குப் பதில் கிளிஞ்சல் நிறைந்த கரை. 1498-ல் வாஸ்கோ ட காமா இங்கே ஒரு தூண் நட்டு மேரி அன்னையின் பெயரை வைத்தார் என்று சொல்கிறார்கள். அதெல்லாம் இருக்கட்டும். அந்தக் கற்களை முதலில் பார்த்தபோது நான் நினைத்தது, யாரோ இடிந்த கோவிலின் தூண்களைக் கொண்டுவந்து அடுக்கியிருக்கிறார்கள் என்றுதான்.

தூண் தூணாக நிற்கிறது. சில இடுப்பளவு, சில இரண்டு ஆள் உயரத்துக்கும் மேல், 6 மீட்டர் வரை. ஒன்றோடு ஒன்று ஒட்டி, கட்டுக் கட்டாகப் பென்சிலை நிறுத்தி வைத்தாற்போல. கடலோரத்தில் அலை தேய்த்த இடத்தில் தூண்களின் தலை மட்டும் தெரிகிறது. பார்த்தால் தேனடை! தளக்கல் பதித்தமாதிரி, மூலைக்கு மூலை பொருந்தி. மகள் குந்தி உட்கார்ந்து எண்ண ஆரம்பித்துவிட்டாள். ஆறு பக்கம் உள்ளவைதான் அதிகம். ஐந்தும் நிறைய. ஏழு பக்கம் அங்கொன்று இங்கொன்று.

"யார் செதுக்கினாங்க?" என்றேன். சிரிக்காதீர்கள், நீங்களும் அதைத்தான் கேட்பீர்கள்.

"யாரும் இல்லம்மா, ஆறினது" என்றாள்.

அவள் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். கோடையில் ஏரி வற்றினால் வண்டல் வெடிக்கிறதே, பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? ஈரம் போகப் போக மண் சுருங்குகிறது, இழுவை தாங்காமல் விரிசல் விடுகிறது. எரிமலைக் குழம்புக்கு ஈரத்துக்குப் பதில் சூடு. ஆற ஆறச் சுருங்கி, வெடிப்பு விடுகிறது. எல்லாப் பக்கமும் ஒரேமாதிரி நிதானமாக ஆறினால், ஓர் இடத்திலிருந்து மூன்று விரிசல் சம இடைவெளியில் கிளம்பும். அப்படிப் பல இடத்தில் கிளம்பி ஒன்றையொன்று தொட்டால் ஆறு மூலைக் கட்டம் விழுகிறது. குழம்பின் மேல்பக்கம் காற்றுப் பட்டும், அடிப்பக்கம் தரை பட்டும் முதலில் ஆறும். அங்கே விழுந்த வெடிப்பு உள்ளே உள்ளே ஆறும் சூட்டைத் துரத்திக்கொண்டு போகப் போக, கட்டம் தூணாகிவிடுகிறது. மும்பையில் சொந்தக்காரர்கள் இருந்தால் அந்தேரியில் உள்ள கில்பர்ட் குன்றைப் போய்ப் பாருங்கள், அதுவும் இதே சங்கதிதான். அயர்லாந்துக் கடலோரத்தில் இப்படி நாற்பதாயிரம் தூண் நிற்கிறதாம். ராட்சசன் போட்ட பாதை என்று அந்த ஊரார் கதை கட்டியிருக்கிறார்கள். நம் ஆட்களாக இருந்தால் பாண்டவர்கள் பெயரில் எழுதியிருப்பார்கள்!

இன்னொன்று சொன்னாள், அதுதான் எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கத்தைக் கெடுத்தது. அந்தக் காலத்தில் இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டிக்கொண்டு இருந்தனவாம். ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் இருக்கிறதே அந்தத் தீவு. பூமிக்கு அடியிலிருந்து வந்த சூட்டில் இரண்டுக்கும் நடுவே நிலம் பிளந்தது. பிளவில் ஏறி வந்த குழம்பில் கொஞ்சம் இங்கே தங்கியது, கொஞ்சம் அங்கே. இதே வயசுக் கல் மடகாஸ்கரிலும் இருக்கிறது. இப்போது இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் கடல். நிலம் நகரும் வேகம் வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர்தான், நம் கைவிரல் நகம் வளருகிற மாதிரி. அதனால்தான் இந்த இடத்தை இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனம் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. உடைக்கவோ, பெயர் செதுக்கவோ கூடாது. யாரோ ஒரு காதலன் ஏற்கெனவே செதுக்கிவிட்டுப் போயிருக்கிறான், அவன் கையை என்ன சொல்ல!

"அப்போ நம்ம சூளகிரி மலை?" என்று கேட்டேன். சூலம்போல் நிற்பதால் பெயர் வந்ததென்று பெரியவர்கள் சொல்லும் மலை. தினமும் வாசல் தெளிக்கும்போது பார்க்கிறேன், ஒருநாளும் அதன் வயசைக் கேட்டதில்லை. "அதெல்லாம் இதுக்குக் கொள்ளுப்பாட்டிம்மா. நம்ம பக்கத்துப் பாறையெல்லாம் சுமார் 250 கோடி வருசம். பெங்களூர் லால்பாக் பாறை 300 கோடி." லால்பாக்கில் மலர்க் கண்காட்சி பார்க்கப் போய் அந்தப் பாறையின் மேல் உட்கார்ந்து சப்பாத்தி தின்றிருக்கிறோம்!

இப்போது தாய்மார்களுக்கு முக்கியமான எச்சரிக்கை. இந்தக் கற்களின் அழகே ஆபத்தும்கூட. கடலோரத் தலைகளில் பாசி படிந்து வழுக்கும், விளிம்பு கத்தி மாதிரி. அலை ஓய்ந்திருப்பதுபோல் இருந்து திடீரென்று ஆள் உயரம் வரும். 2022 ஏப்ரலில் கேரளத்திலிருந்து சுற்றுலா வந்த கல்லூரி மாணவர்கள் இங்கேதான் பாறையோரத்தில் அலையில் சிக்கி உயிரை விட்டார்கள். நீச்சல் தெரிந்தாலும் பாறையில் மோதினால் என்ன செய்ய முடியும்? நாங்கள் இருந்தபோதே ஒரு நாலு வயசுப் பிள்ளை கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டே விளிம்புவரை போய்விட்டது. அதன் அம்மா செல்போனில் மூத்தவளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். காவலாளி விசில் ஊதி ஓடிவந்து தூக்கினார். அந்தப் பெண் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுததைப் பார்த்து எங்களுக்கே கை நடுங்கியது. சின்னக் குழந்தைகளோடு போனால் ஒருவர் கை பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும், போட்டோவை இன்னொருவர் பார்த்துக்கொள்ளட்டும். ரப்பர்ச் செருப்பு வேண்டாம். குதிகாலில் வார் உள்ள, அடி சொரசொரப்பான செருப்புப் போடுங்கள். பதினோரு மணிக்கு மேல் கல் தோசைக்கல் ஆகிவிடுகிறது. குடை காற்றில் நிற்காது, தலைக்குத் துண்டு கட்டிக்கொள்வதே மேல்.

நாங்களும் வெயில் ஏறியதும் தென்னை நிழலுக்கு வந்துவிட்டோம். மாமியார் மட்டும் ஒரு தூணை விடாமல் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது வெடி வெச்ச கல் இல்ல. உளி பட்ட கல்லும் இல்ல" என்றார்.

அவருக்குக் கல்லைத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னாலும், என் வீட்டுக்காரர் கைக்குழந்தையாக இருந்தபோதும், அவர் குவாரியில் ஜல்லிக் கூடை சுமந்தவர். இன்றைக்கும் உச்சந்தலையில் முடி கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். வீட்டில் அதை யாரும் பேசுவதில்லை. என் வீட்டுக்காரருக்குக் கல் என்றாலே முகம் மாறுவது அதனால்தான் என்று நான் நினைத்துக்கொள்வேன், கேட்டதில்லை.

மாமியார் பேத்தியைப் பார்த்துக் கேட்டார். "ஏன் கண்ணு, இதைப் படிச்சா உன்னைச் சுமக்கச் சொல்வாங்களா?"

"இல்ல அவ்வா. கல்லோட பேர் எழுதணும், வயசு பார்க்கணும், எங்க தண்ணி இருக்கு, எங்க இல்லன்னு வரைபடம் போடணும்."

"குழிக்குள்ள இறங்கணுமா?"

"இறங்கலாம். முந்தி பொம்பளைங்களை விடமாட்டாங்க. இப்ப விடறாங்க."

அவள் சொன்னது சரிதான். பூமிக்கு அடியில் இருக்கும் சுரங்கங்களில் பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றே நம் சட்டம் இருந்தது. 2019-ல்தான் மத்திய அரசு அதைத் தளர்த்தி, பகல் நேரத்தில் மேற்பார்வை, தொழில்நுட்ப வேலைகளுக்குப் பெண்களை எடுக்கலாம் என்று அனுமதித்தது. கல் குவாரியில் கூடை சுமக்கப் பெண்களை யாரும் தடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

மாமியார் கொஞ்ச நேரம் கடலையே பார்த்தார். பிறகு, "அப்போ சரி. நான் அவன்கிட்டப் பேசறேன்" என்றார். அவ்வளவுதான். எலுமிச்சம்பழத் தண்ணீரைக் குடித்துவிட்டுத் துண்டை விரித்துப் படுத்துத் தூங்கியும்விட்டார்.

மத்தியானப் படகில் திரும்பினோம். ராத்திரி அங்கே யாரும் தங்க முடியாது, கடைசிப் படகு எப்போது என்று போகும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம், படகே ஓடாது. மே மாதக் கடைசியிலேயே நிறுத்திவிடுவதும் உண்டு. டிசம்பர், ஜனவரி மிக நல்ல சமயம், வெயில் தாங்கும்.

போக முடியாதவர்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம், குழந்தைகளுக்கு லீவில் நல்ல பொழுதுபோக்கு. சோள மாவும் தண்ணீரும் சம எடை. கஸ்டர்டுக்குப் போடுகிறோமே, அந்த வெள்ளை மாவு. நன்றாகக் கலந்து ஒரு கண்ணாடி டம்ளரில் முக்கால் உயரம் ஊற்றி, சூடு தரும் குண்டு பல்புக்கு அடியில் ஆடாமல் வைத்துவிடுங்கள். முழுக்கக் காயச் சில நாள் ஆகும். காய்ந்தபின் உடைத்துப் பார்த்தால் உள்ளே குச்சி குச்சியாகத் தூண்கள் இருக்கும், சாட்சாத் அந்தத் தீவுக் கல்போல! பல்பு பக்கத்தில் துணியோ காகிதமோ இருக்கக் கூடாது, கைக்குழந்தைகள் எட்டாத இடமாக இருக்கட்டும்.

எங்கள் வீட்டிலும் சமையலறை அலமாரியில் ஒரு டம்ளர் காய்ந்துகொண்டிருக்கிறது. மாமியார் மகனிடம் இரண்டு தரம் பேசிவிட்டார், கதவைச் சாத்திக்கொண்டு. என்ன பேசினார் என்று எனக்குச் சொல்லவில்லை. அரசுக் கல்லூரிகளுக்கு மே மாதம் இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும், இன்னும் நாள் இருக்கிறது. கம்பெனிக்குப் போகும் பெண்கள் எந்த நாளில் ஆள் எடுக்கிறார்கள் என்றும் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

நேற்று விடிகாலை மூன்றரைக்கு மண்டிக்குக் கிளம்பியவர், சமையலறையில் தண்ணீர் குடிக்கப் போய் வெகுநேரம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். பல்புக்கு அடியில் குனிந்து டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே மெல்லிசாக நாலைந்து வெடிப்பு விழுந்திருந்தது. "இது முழுசாக் காய எத்தனை நாள் ஆகுமாம்?" என்று கேட்டார்.